கூடத்துக்கு வந்த ஓப்பரா

ஓப்பராவைப் படம் பிடித்து வீட்டில் பார்ப்பது, ஓப்பரா பார்த்ததாகவே ஆகாது என்று சொல்பவர்கள் உண்டு. அரங்கத்தில் உட்கார்ந்து, மைக் இல்லாமல் வரும் குரலை நேரில் கேட்டால்தான் கணக்கில் சேரும் என்பார்கள். சரிதான். ஆனால் பாரிஸுக்கோ நியூயார்க்குக்கோ போய் டிக்கெட் வாங்கி உட்காரும் யோகம் எழுபது தாண்டிய எனக்கு இனிமேல் இல்லை. குன்னூரிலிருந்து மலையிறங்கி, கோயம்புத்தூரில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வரவே இரண்டு நாள் முன்னேற்பாடு வேண்டியிருக்கிறது.

என்னைப் போன்றவனுக்கு வீட்டில் பார்க்கும் ஓப்பராதான் ஓப்பரா. அதை எடைபோடும் படிக்கல்லும் வீட்டுப் படிக்கல்லாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. போன ஆடி மாதம் வரை நானும் அரங்கத்துக்காரர்களின் படிக்கல்லைக் கடன் வாங்கித்தான் நிறுத்துக்கொண்டிருந்தேன். அதைக் கையிலிருந்து பிடுங்கியவர், ஓப்பரா என்ற சொல்லையே அன்றுதான் கேட்ட ஒருவர். அந்தக் கதையைச் சொன்னால் என் கட்சியும் விளங்கிவிடும்.

ஓப்பரா என்றால் ஆரம்பம் முதல் கடைசிவரை பாட்டாலேயே நடக்கும் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் நாடகங்களை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். நான் பார்த்தது 'முத்துக்குளிப்பவர்கள்' என்ற பிரெஞ்சு ஓப்பரா. இசை ஜோர்ஜ் பிஸே. 'கார்மென்' எழுதியவர் என்றால் சிலருக்கு நினைவு வரும். 1863 செப்டம்பர் 30-ஆம் தேதி பாரிஸில் முதல் முறையாக மேடையேறியபோது அவருக்கு வயது 24. பதினெட்டு முறை நடந்து நின்றுபோனது. 1875-இல் 'கார்மென்' அரங்கேறி மூன்றே மாதத்தில், 36 வயதில், பிஸே இறந்துவிட்டார். இந்தப் படைப்பு பிறகு உலகம் சுற்றப்போவதை அவர் பார்க்கவில்லை.

கதை நடக்கும் இடம் இலங்கை. முதலில் மெக்சிகோவில் நடப்பதாகத்தான் இருந்ததாம். எழுதிய இரண்டு பேரும், கோர்மோனும் கர்ரேயும், பாதியில் இலங்கைக்கு மாற்றிவிட்டார்கள். மாற்றலாகிப் போகும் குமாஸ்தா புது ஊரைப் பற்றி நாலு பேரிடம் விசாரிப்பான். இவர்கள் அதுகூடச் செய்யவில்லை. முத்துக்குளிக்கிறவர்கள் எல்லோரும் பிரம்மாவைக் கும்பிடுகிறார்கள். அந்தப் பிரம்மா கோயில் பூசாரியின் பெயர் நூராபாத்! கதாநாயகன் நாதிர், கதாநாயகி லெய்லா, தலைவன் ஜுர்கா.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜுர்காவும் நாதிரும் பழைய நண்பர்கள். ஒரு காலத்தில் கண்டியில் ஒரு கோயிலில், முக்காடிட்ட ஒரு பெண்ணை இருவரும் பார்த்து மயங்கியவர்கள். நட்பு கெடக்கூடாது என்று இருவருமே அவளை மறந்துவிடுவதாகச் சத்தியம் செய்துகொண்டவர்கள். கடலில் இறங்குபவர்களுக்கு ஆபத்து வராமலிருக்கப் பாறைமேல் நின்று பாட ஒரு கன்னிப்பெண்ணைக் கூட்டி வருகிறார்கள். அவள் முகத்திரையை நீக்கக்கூடாது, யாரையும் நேசிக்கக்கூடாது. அவள் பாடியதும் நாதிர் குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறான். மீதியை ஊகித்துக்கொள்ளலாம்.

நான் பார்த்த படம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓப்பராவில் எடுத்தது. அங்கே 2006 கடைசியிலிருந்து நாடகங்களை நேரடியாகப் படம் பிடித்து உலகெங்கும் தியேட்டர்களுக்கு அனுப்புகிறார்கள். மும்பை என்.சி.பி.ஏ.யில் திரையிடுவதும் இவைதான். 'முத்துக்குளிப்பவர்கள்' அந்த அரங்கில் 1916-இல் கருசோ பாடியபோது நடந்தது. அதற்குப் பிறகு 2015 டிசம்பர் 31-ஆம் தேதிதான் மறுபடி மேடையேறியது. இரண்டு வாரம் கழித்து, 2016 ஜனவரி 16 அன்று, படம் பிடித்து ஒளிபரப்பினார்கள். டிஸ்காகவும் வந்தது. என் மகள் வாங்கி அனுப்பியிருந்தாள்.

இதில் எனக்குத் தனியாக ஒரு பெருமை உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். கணக்குப் பாடம், பூகோளம் எல்லாம் பிரெஞ்சில்தான். இலங்கையை 'செய்லான்' என்றுதான் முதலில் படித்தேன். பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் ஆபீஸில் கோப்பு எழுதியது ஆங்கிலத்திலும் தமிழிலும். பிரெஞ்சு வீட்டுப் பரணில் ஏறிவிட்டது. அதை இறக்கித் தூசி தட்டும் சந்தர்ப்பம் எனக்கு ஓப்பரா பார்க்கும்போது மட்டும்தான். ஆகவே என் படிக்கல் உச்சரிப்பு. யார் பிரெஞ்சை ஒழுங்காகச் சொல்கிறார்கள், யார் மென்று விழுங்குகிறார்கள் என்று பென்சிலும் தாளுமாக உட்காருவேன்.

இந்தப் படத்தில் அதற்கு நல்ல வாய்ப்பு. லெய்லாவாக வரும் டயானா டாம்ராவ் ஜெர்மன்காரர். நாதிராக வரும் மேத்யூ போலன்சானி அமெரிக்கர். ஜுர்கா, மரியுஷ் க்விய்சியென், போலந்துக்காரர். நால்வரில் பூசாரியாக வரும் நிக்கோலா தெஸ்தே ஒருவர்தான் பிரெஞ்சுக்காரர். முதல் முறை தனியாகப் பார்த்தேன். மூன்று இடத்தில் மூக்கொலி சரியில்லை என்று தாளில் குறித்தேன். நல்ல படம், சில குறைகளுடன் என்று மனதுக்குள் கையெழுத்துப் போட்டு மூடிவிட்டேன்.

இரண்டாவது முறை பார்த்தது, எங்கள் தெருவின் கீழ்க்கோடியில் இருக்கும் அண்ணனுடன். அவருக்கு எண்பது நெருங்குகிறது. கண்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில், லயத்தில் பிறந்தவர். 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்ப முடிவான 5,25,000 பேரில் ஒருவர். நீலகிரிக்கு வந்து, அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோரும் அவரைச் 'சிலோன்காரர்' என்பார்கள். அங்கே இருந்தவரை 'இந்தியாக்காரன்' என்றார்களாம். இதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

ஆடி மாதச் சாரல். வெளியே நடக்க முடியாது. அவர் வீட்டில் எல்லோரும் வெளியூர் போயிருந்தார்கள். "சும்மா உக்காந்திருக்கிறதுக்கு இங்க வாங்கண்ணே, இலங்கைக் கதை ஒண்ணு பாக்கலாம்" என்று கூப்பிட்டேன். இலங்கை என்றதும் வந்துவிட்டார்.

படத்தில் அடிக்குறிப்பு ஆங்கிலத்தில் ஓடும். தமிழில் கிடையாது. அண்ணனுக்கு ஆங்கிலம் வராது. கவலை வேண்டாம், நான் கூடவே சொல்லிக்கொண்டு வருகிறேன் என்று தோரணையாக உட்கார்ந்தேன்.

திரை உயர்வதற்கு முன் வாத்திய முன்னுரை. அந்த நேரத்தில் மேடை முழுவதும் நீலக் கடலாக மாறி, முத்துக்குளிப்பவர்கள் மேலிருந்து நீந்தி இறங்குகிறார்கள். கம்பியில் தொங்கும் வித்தைக்காரர்கள்தான், ஆனால் தண்ணீருக்குள் இறங்குவதாகவே தெரியும். அண்ணன் நாற்காலியில் முன்னால் வந்தார்.

"இது மன்னாரா சார்?"

"இல்லண்ணே, நியூயார்க்."

"நான் அந்தக் கடலை ஒரே தடவதான் பாத்தேன். தலைமன்னார்ல கப்பலேறின அன்னிக்கு. பொட்டிய விட்டுட்டு எழுந்திருக்கக் கூடாதுன்னு அம்மா சொன்னதால சரியாப் பாக்கல."

என் தாளில் இந்த இடத்துக்கு ஒரு குறிப்பும் இல்லை. முதல் முறை பார்த்தபோது, பாட்டு இன்னும் ஆரம்பிக்கவில்லையே என்று நான் காப்பி எடுத்து வர எழுந்துபோயிருந்தேன்.

கதை நகர்ந்தது. நான் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தேன். கண்டியில் பிரம்மா கோயில் என்றதும் அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "கண்டியில தலதா மாளிகை இருக்கு. தேர் இழுக்கிற நம்ம கோயில் இருக்கு. பிரம்மாவுக்கு யாரு கட்டினா?" நியாயமான கேள்வி. உண்மையான மன்னார் முத்துக்குளிப்பில் கிறிஸ்துவப் பரதவர்களும் முஸ்லிம்களும்தான் பெரும்பாலும் கடலில் இறங்கினார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் அந்தப் பாரிஸ்காரர்கள் குருட்டாம்போக்கில் உண்மையைத் தொட்டிருக்கிறார்கள். முத்துக்குளிப்புக் காலத்தில் 'கடல்கட்டி' என்று ஒருவர் இருப்பார். மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவது அவர் வேலை. பரம்பரைத் தொழில். அவர் இல்லாமல் ஆட்கள் கடலில் இறங்க மாட்டார்கள் என்பதால் வெள்ளைக்கார அரசாங்கமே அவரை அனுமதித்து வைத்திருந்தது. பாறைமேல் நின்று பாடும் லெய்லாவுக்கும் அதே உத்தியோகம்தான். இதைச் சொன்னதும் அண்ணன் தலையாட்டினார். அதன்பின் பிரம்மாவைப் பற்றி அவர் கேட்கவில்லை.

பிறகு நண்பர்கள் இருவரும் சேர்ந்து பாடும் இடம் வந்தது. இந்த ஓப்பராவை அறியாதவர்கள்கூட இந்த மெட்டை எங்காவது கேட்டிருப்பார்கள். புல்லாங்குழலும் யாழ் போன்ற ஹார்ப்பும் ஆரம்பிக்க, கண்டிக் கோயிலில் அந்தப் பெண்ணைப் பார்த்ததை இருவரும் நினைத்துப் பாடுகிறார்கள். நான் வழக்கம்போல், "இப்ப என்ன சொல்றான்னா..." என்று ஆரம்பித்தேன்.

அண்ணன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கையை உயர்த்தினார். "கொஞ்சம் சும்மா இருங்க சார். புரியுது."

வாயை மூடிக்கொண்டேன். பென்சிலையும் கீழே வைத்தேன். பிரெஞ்சு தெரிந்தவன் நான், ஆனால் அந்த நிமிஷம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

என் முதல் படிக்கல் அன்று கிடைத்தது. வீட்டில் பார்க்கும் ஓப்பராவில், மொழிபெயர்ப்பவனை வாய்மூடச் சொல்லும் இடம் ஒன்றாவது இருக்க வேண்டும். கடைசிவரை அடிக்குறிப்பைப் படித்தே கதையைப் பின்தொடர வேண்டியிருந்தால், எவ்வளவு பெரிய பாடகர்கள் ஆனாலும் அந்தப் படம் தோற்றது.

இரண்டாவது படிக்கல் அவரே வாயால் சொன்னது. நாதிர் தனியாகப் பாடும் பாட்டு ஒன்று உண்டு. அவள் குரலை மறுபடி கேட்ட மயக்கத்தில் பாடுவது. போலன்சானி அதை முடிக்கும்போது குரலை மேலே ஏற்றி, நூலாக மெலிய விடுகிறார். எங்கள் வீட்டுக் கடிகாரச் சத்தம் கேட்டது. அப்படி ஒரு அமைதி. அது முடிந்து வேறு சில காட்சிகள் போனதும் அண்ணன் சொன்னார்:

"பாடுறவன் மூஞ்சிய ரொம்பக் கிட்ட காட்டுறாங்க சார். தொண்டைக்குள்ள போயிருவாங்க போல. கேக்குறவன் மூஞ்சியக் காட்டினாத்தானே கூத்து?"

தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும்போது தப்பு அடித்தவர் அவர். ரதி அழும்போது தான் பார்ப்பது எப்போதும் மன்மதனைத்தான் என்றார்.

யோசித்துப் பார்த்தால் இந்தக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான விமர்சனம் இல்லை. இதில் எல்லாம் நடப்பது ஒருவர் பாட இன்னொருவர் கேட்பதால்தான். முக்காட்டுக்குள்ளிருந்து வரும் குரலை நாதிர் அடையாளம் காண்கிறான். அரங்கத்தில் உட்கார்ந்தவனுக்கு இது பிரச்சினையே இல்லை. மேடை முழுவதும் அவன் கண்முன் இருக்கிறது, பாடுபவரை விட்டுக் கேட்பவரைப் பார்க்க அவன் கழுத்தைத் திருப்பினால் போதும். வீட்டில் நம் கழுத்தை கேமராக்காரர் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவர் எங்கே திருப்புகிறாரோ அதுதான் நாடகம். ஆகவே படத்தை எடைபோடும்போது பாடகரை மட்டும் மதிப்பிட்டால் போதாது, நம் சார்பில் கழுத்தைத் திருப்புகிறவரையும் மதிப்பிட வேண்டும். பாட்டில் ஒரு அடி முடியும்வரை பொறுக்கிறாரா, நடுவில் வெட்டுகிறாரா? இருவர் சேர்ந்து பாடும்போது இருவரையும் ஒரே சட்டத்தில் நிறுத்துகிறாரா, ஆளுக்கு ஆள் தாவுகிறாரா? இந்தப் படத்தை எடுத்தவருக்கு நான் நூற்றுக்கு அறுபது கொடுப்பேன். அண்ணன் ஐம்பதுக்கு மேல் ஏறமாட்டார்.

மூன்றாவது, கிட்டத்தில் தாங்கும் வேஷம். மெட்ரோபாலிட்டன் அரங்கில் ஏறக்குறைய 3,800 இருக்கைகள். கடைசி வரிசைக்காரனுக்குத் தெரிய வேண்டும் என்று போடும் மை, கண்ணை உருட்டும் நடிப்பு, துணியில் வரைந்த தென்னை மரம், எல்லாம் அங்கே செல்லும். நம் கூடத்தில் டி.வி. எட்டடி தூரத்தில் இருக்கிறது. அங்கே மரமாகத் தெரிவது இங்கே துணியாகத் தெரியும். இந்த நாடகத்தை மேடையேற்றிய பென்னி வூல்காக் அடிப்படையில் சினிமா எடுப்பவர். பழைய ராஜா காலத்துக் கீழைநாட்டு ஜோடனையை விட்டுவிட்டு, இன்றைய காலத்தில் கடற்கரை ஓரத்துக் குடிசைப் பகுதி ஒன்றில் கதையை வைத்தார். பாரிஸ்காரர்கள் செய்த இலங்கை பொய். இவர் காட்டும் தகரக் கூரைகளும் நெரிசலும் எந்த ஊர் என்று சொல்லப்படாவிட்டாலும் பொய்யில்லை. இரண்டாம் அங்கம் முடியும்போது புயலில் பேரலை ஒன்று திரை முழுக்க எழுகிறது. 2004 டிசம்பரைப் பார்த்தவர்கள் யாரும் அதை வெறும் வித்தையாகப் பார்க்க மாட்டார்கள்.

இலங்கையைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் எழுதிய கதையை நாம் ஏன் பார்க்க வேண்டும் என்று ஒரு நண்பர் பிறகு கேட்டார். கோபம் நியாயமானது. ஆனால் ஒப்பந்தம் போட்டு ஆட்களைக் கணக்குப் பிரித்தவர்களுக்கு அந்த லயத்து ஜனங்களைப் பற்றி என்ன தெரிந்திருந்தது? பிஸேயாவது தெரியாததை நல்ல ராகத்தில் சொன்னார்.

நான்காவது, சத்தம். இதில் அரங்கத்துக்காரர்கள் சொல்வதை நான் முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஓப்பரா பாடகருக்கு மைக் கிடையாது. எண்பது வாத்தியத்தைத் தாண்டிக் குரல் தானாகக் கடைசி வரிசைக்குப் போக வேண்டும். நம் கம்பெனி நாடகக் காலமும் அப்படித்தான். கிட்டப்பாவின் குரல் கொட்டகைக்கு வெளியே நிற்பவனுக்கும் கேட்குமாம். கே.பி. சுந்தராம்பாளும் அந்தப் பள்ளியில் வந்தவர். ஒலிபரப்புக்கு மைக் வைத்துப் பதிவு செய்ததும் இந்த வித்தியாசம் அழிந்துபோகிறது. பெரிய குரலும் சிறிய குரலும் நம் டி.வி.யில் ஒரே உயரம். ஆகவே வீட்டில் உட்கார்ந்துகொண்டு, 'அடேயப்பா, என்ன குரல் பலம்' என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். அதை இங்கிருந்து அளக்க முடியாது. அளக்கக்கூடியது குரலின் நிறம், மூச்சை எங்கே எடுக்கிறார், சொல்லுக்கு உயிர் கொடுக்கிறாரா என்பவை மட்டும்தான். அவற்றை அரங்கத்தின் கடைசி வரிசைக்காரனைவிட நாம் நன்றாகவே கேட்கிறோம்.

ஆனால் அதற்கு டி.வி.யின் சொந்த ஸ்பீக்கரை நம்பக்கூடாது. இப்போது வரும் மெல்லிய டி.வி.களில் ஸ்பீக்கர் பின்பக்கமோ அடிப்பக்கமோ இருக்கிறது. பாட்டு சுவருக்குப் போய்த் திரும்பி நமக்கு வருகிறது. நம் வயதில் காது மேல்ஸ்தாயியை முதலில் இழக்கும். இரண்டும் சேர்ந்தால் லெய்லாவின் பாட்டு பக்கத்து வீட்டில் பாடுவதுபோல் இருக்கும். பழைய ஸ்டீரியோ பெட்டி பரணில் இருந்தால் இறக்கி ஒரு வயரில் இணையுங்கள். இல்லாவிட்டால் ஹெட்போன். ஒரு படத்தைக் குறை சொல்லுமுன் இதைச் சரிசெய்துகொள்வது நியாயம்.

ஐந்தாவது படிக்கல்லைத் தந்தது மழை. மூன்றாம் அங்கம். நாதிரும் லெய்லாவும் பிடிபட்டு, மரண தண்டனை விதித்தாயிற்று. லெய்லா ஜுர்காவிடம் நாதிரின் உயிருக்காகக் கெஞ்சுகிறாள். அவளை அவனும் விரும்புகிறவன் என்பதால் கெஞ்சக் கெஞ்ச அவன் கோபம் ஏறுகிறது. முடியாது என்றுவிடுகிறான். சாகப் போகுமுன் அவள் தன் கழுத்து மாலையைக் கழற்றி, என் அம்மாவிடம் கொடுத்துவிடு என்று ஒரு மீனவனிடம் தருகிறாள். சிறுமியாக இருந்தபோது, உயிருக்கு ஓடிவந்த ஒருவனை ஒளித்துக் காப்பாற்றியதற்கு அவன் கொடுத்துப்போன மாலை. ஜுர்கா அதைப் பார்க்கிறான்.

அந்த இடத்தில் கரண்ட் போனது. கீழே எங்கோ மரம் விழுந்திருக்கிறது. ஒரு மணி நேரம் மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தோம். வரவில்லை. குடையைக் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு வாருங்கள் என்று சொல்லியிருந்தேன். அண்ணன் மூன்றரைக்கே வந்து வாசலில் நின்றார். "ராத்திரி பூரா அதேதான் சார். அந்த மாலை அவன் குடுத்ததுதான். விட்டுருவானா?"

இதைவிட ஒரு படத்துக்கு என்ன சான்றிதழ் வேண்டும்? அரங்கத்துக்குக் காசு கொடுத்துப் போனவன் பிடிக்காவிட்டாலும் கடைசிவரை உட்கார்ந்திருப்பான், எழுந்து வந்தால் நஷ்டம். வீட்டில் அந்தக் கட்டாயம் இல்லை. ரிமோட் கையில் இருக்கிறது, பக்கத்து சானலில் கிரிக்கெட் ஓடுகிறது. நடுவில் நிறுத்தினால் மறுநாள் திரும்பி வரவைக்கிறதா என்பதுதான் வீட்டுப் படத்துக்கு உள்ள பரீட்சை. ஆகவே இரண்டு உட்காரலாகவே பாருங்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்கிறேன். இந்த ஓப்பரா மொத்தமே இரண்டு மணி நேரம்தான். ஆனாலும் முதுகுக்கும் நல்லது, படத்தின் யோக்கியதையும் தெரிந்துவிடும். இடைவேளையில் பாடகர்களைப் பேட்டி எடுக்கும் பகுதி ஏதாவது வந்தால் தள்ளிவிடுங்கள். வேஷம் கலைந்த முகத்தை நாடகம் முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

முடிவைச் சொல்லிவிடுகிறேன், நூற்றறுபது வருஷத்துக் கதைதானே. ஜுர்கா ஊருக்கே தீ வைத்து, எல்லோரும் அணைக்க ஓடும் நேரத்தில் காதலர்களைத் தப்பிக்க விடுகிறான். தான் மட்டும் பின்தங்குகிறான். படம் முடிந்து பார்வையாளர்கள் கைதட்டுவதையும் நான் நிறுத்தவில்லை. அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"கங்காணி மாதிரி ஆளு சார் அவன். தலைவன். தன் ஆளுங்க பக்கம் நிக்கணும், சட்டம் பேசணும். கடைசில விட்டுட்டான் பாருங்க." பிறகு, "அந்த மாதிரி ஒருத்தன நான் நேர்ல பாத்ததில்ல" என்றார்.

உச்சரிப்புத் தாளை அவரிடம் காட்டலாம் என்று வைத்திருந்தேன். காட்டவில்லை.

மேடையைப் பிடித்து வந்த படங்கள் தவிர, வீட்டுக்கென்றும் சினிமாவுக்கென்றும் எடுத்தவையும் உண்டு. ஸ்வீடன் தொலைக்காட்சிக்காக பெர்க்மன் 1975-இல் எடுத்த மோட்ஸார்ட்டின் 'மந்திரப் புல்லாங்குழல்' அதில் தலையானது. வாத்திய முன்னுரை முழுவதும் அவர் காட்டுவது பாடகரை அல்ல, பார்க்க வந்தவர்களின் முகங்களை, திரும்பத் திரும்ப ஒரு சிறுமியின் முகத்தை. எங்கள் தப்பு அடிக்கும் அண்ணன் சொன்னதை அந்த மகான் செய்தே காட்டிவிட்டார். 1984-இல் ரோசி எடுத்த 'கார்மென்', ஸ்பெயின் நாட்டு மண்ணிலேயே போய் எடுத்தது. முன்பே பாடிப் பதிவு செய்துவிட்டு வெயிலில் நின்று வாயசைப்பார்கள். நம் சினிமாவில் பழகியவர்களுக்கு அது உறுத்தாது. புதிதாகப் பார்க்கிறவர்கள் இந்த இரண்டில் ஒன்றில் ஆரம்பிப்பது சுலபம்.

இப்படி வீட்டுப் படிக்கல்லை வைத்தால் தரம் குறைந்துவிடாதா, எது அழுதுவடிகிறதோ அதையெல்லாம் நல்லது என்று சொல்லிவிட மாட்டோமா என்று கேட்கலாம். இல்லை. இதே டிஸ்கோடு மகள் அனுப்பிய இன்னொன்றை அண்ணனும் நானும் அரை மணியில் நிறுத்தினோம். பாடியவர்கள் பெயர் பெற்றவர்கள். என் தாளில் உச்சரிப்புக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கேமரா கொசு மாதிரி பறந்துகொண்டே இருந்தது, மறுநாள் இருவருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கூடத்துப் பரீட்சை ஒன்றும் லேசானதில்லை.

அடுத்ததாக 'லக்மே' பார்ப்பதாக இருக்கிறோம். 1883-இல் பாரிஸில் மேடையேறிய தெலிப் என்பவரின் ஓப்பரா. இதுவும் இந்தியாவைப் பார்க்காமலே எழுதிய இந்தியக் கதை. லக்மே என்றால் லட்சுமிதான். நம் வீட்டுப் பெண்கள் வைத்திருந்த பவுடர் டப்பாவில் இருந்ததும் இந்தப் பெயரே. 1952-இல் டாட்டா கம்பெனி ஆரம்பித்தபோது இந்த ஓப்பராவிலிருந்து எடுத்தது. இதில் வரும் பூசாரியின் பெயராவது நீலகண்டன் என்று சரியாக இருக்கிறது. அண்ணனிடம் சொன்னதும், "அப்ப அவரு நம்ம ஆளு" என்றார். பார்த்தபின் எழுதுகிறேன்.